டோரோ ஆற்றங்கரையில் கால் மிதித்துப் பிழியும் ஒயின்

போர்ச்சுகலின் பின்யாவ் ஊருக்கு அருகே, டோரோ ஆற்றை ஒட்டிய ஒரு திராட்சைத் தோட்டத்தில் போர்ட் என்ற இனிப்பு ஒயின் தயாரிப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டணம் அதிகம்தான். இருந்தாலும் செப்டம்பர் அறுவடையில் போகிறவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

காரணம், லகார் என்ற அந்தக் கருங்கல் தொட்டி. பகலில் பறித்த திராட்சை தொடையளவுக்கு நிரம்பிக் கிடக்கிறது. இரவு உணவுக்குப் பின் வேலையாட்கள் தோளோடு தோள் கோத்து வரிசையாக இறங்குகிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் பேச்சே கிடையாது. 'இடது, வலது' என்று மேஸ்திரி குரல் கொடுக்க, குயவர் மண் மிதிப்பதுபோல ஒரே சீராக மிதிக்கிறார்கள். அதன் பிறகுதான் அக்கார்டியனும் ஆட்டமும். கரையேறும்போது ஒவ்வொருவர் காலும் தொடைவரை கருநீலம்; குழாயடியில் எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் சாயம் நிற்கிறது.

இது பயணிகளுக்கான வேடிக்கை அல்ல. போர்ட் நொதிப்பது இரண்டு மூன்று நாட்கள்தான். பாதியிலேயே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். இனிப்பு தங்குவது அதனால்தான். அதற்குள் தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்கிவிட வேண்டும். பாதம் தோலைக் கசக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு ஏறிவிடும்.

1960களிலும் 70களிலும் இளைஞர்கள் பிழைப்புக்காக வெளிநாடு போனார்கள், ஆப்பிரிக்கக் காலனிகளில் போர்ச்சுகல் நடத்திய போர்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மிதிக்க ஆளில்லாமல் பல தோட்டங்கள் இயந்திரத்துக்கு மாறின. 1986 வரை ஏற்றுமதியும் கடலோரத்து விலா நோவா டி காயா கிடங்குகள் வழியாகவே நடக்க வேண்டும் என்பது விதி. அது தளர்ந்த பின்னரே சிறு தோட்டங்கள் சொந்தப் பெயரில் புட்டியில் அடைத்து நேரடியாக ஏற்றுமதி செய்ய முடிந்தது. நான் போன தோட்டத்துக்காரர்களும் தூர்ந்து கிடந்த தொட்டிகளைத் துலக்கி எடுத்திருக்கிறார்கள். மனதார வாழ்த்துகிறேன்.

குறை ஒன்று உண்டு. சுவை பார்க்கும் பகுதியை அவசரமாக முடித்துவிட்டார்கள். பத்தாண்டுகள் பீப்பாயில் கிடந்து பழுப்பேறிய டானி வகைப் போர்ட்டில் வாதுமையும் உலர்ந்த அத்தியும் மணக்கின்றன; அதை நிதானமாகக் குடிக்க இன்னும் அரை மணி நேரமாவது கொடுத்திருக்கலாம்.

போர்ட்டோவின் சாவ் பெந்து நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.