நான்ஜிங் அரைநாள் நடைச் சுற்றுலா: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

ஷாங்காயில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, இருவரும் ரயிலேறி நான்ஜிங் போய் இந்தச் சுற்றுலாவில் சேர்ந்தோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வழிகாட்டிப் பையன் பாவம்.

நான் போனதே பழைய ஜின்லிங் மகளிர் கல்லூரியைப் பார்க்கத்தான். இப்போது அது நான்ஜிங் நார்மல் பல்கலைக்கழக வளாகம். சீனக் கூரையும் சிவப்புத் தூண்களுமாக அழகான கட்டடங்கள். 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைந்தபோது, மின்னி வோட்ரின் என்ற அமெரிக்க மிஷனரி ஆசிரியையின் பொறுப்பில் இந்த வளாகம் இருந்தது. தூதரகம் கிளம்பச் சொல்லியும் அவர் கிளம்பவில்லை. அடைக்கலம் தேடி வருகிறவர்களுக்காகச் சுமார் 2,700 பேருக்கு இடம் ஒழித்து வைத்திருந்தார். பெண்களும் குழந்தைகளுமாக 10,000 பேர் வரை வந்து சேர்ந்தார்கள்.

வழிகாட்டிப் பையன் எங்களை வோட்ரின் சிலை முன்னால் நிறுத்தி, தேவதை, தியாகி என்று அடுக்கினான். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வேண்டியது வேறு: அத்தனை பேருக்கும் கஞ்சி யார் காய்ச்சினார்கள், எந்த கேட்டில் யார் நின்றார்கள்? கேட்டதற்குச் சிரித்தான். கூடவே இருந்து பாடுபட்ட செங் ருய்ஃபாங் அம்மா பெயரைக்கூட அவன் எடுக்கவில்லை. வோட்ரினைப் போலவே அவரும் நாட்குறிப்பு எழுதியவர்தான்.

ஒன்றை மட்டும் நன்றாகச் சொன்னான். டிசம்பர் 17 இரவு, விசாரணை என்று வோட்ரினையும் ஊழியர்களையும் முன் கேட்டிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, வேறு சிப்பாய்கள் உள்ளேயிருந்து 12 பெண்களை இழுத்துப் போயிருக்கிறார்கள். பள்ளி நடத்தியவர்களுக்குத் தெரியும், ஒரு கேட்டைப் பார்த்தால் இன்னொரு கேட் கை நழுவும். அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம்.

அப்புறம் 'அமெரிக்கா திரும்பினார்' என்று முடித்துவிட்டான். மனம் உடைந்து 1940இல் திரும்பியவர் அடுத்த மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதைச் சொல்லக் கூசினானோ என்னவோ.

அப்போது ஊர் மக்களுக்கு அடைக்கலம் தந்த ஜெர்மானிய வணிகர் ஜான் ராபேயின் வீடும் பாதையில் உண்டு, அவசர அவசரமாக. மிச்ச நேரத்தைப் பட்டுக்கடை தின்றது.

போகிறவர்கள் வோட்ரினின் நாட்குறிப்பை முதலில் புரட்டுங்கள். யேல் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பட்டுக்கடை வேண்டாம் என்று புக் பண்ணும்போதே கறாராகச் சொல்லிவிடுங்கள்.