பெற்றோருக்கு அமெரிக்காவில் மாத்திரை வாங்க: குட்ஆர்எக்ஸ் கூப்பன்

ஊரிலிருந்து அப்பா அம்மாவை இங்கே அழைத்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாஸில் எங்களோடு தங்க வந்த அப்பா, ஆறு மாதத்துக்கான மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். திரும்பும் தேதி தள்ளிப்போனதில் கொழுப்பு மாத்திரை தீர்ந்துவிட்டது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் இப்படி முன்பே இருக்கும் நோய்களுக்கான தொடர் மருந்துக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்தது, கடைகளின் மருந்து விலையை ஒப்பிட்டுக் காட்டித் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் இணையதளம்.

ஊர் டாக்டர் எழுதிய சீட்டு இங்கே மருந்துக்கடையில் செல்லாது. இங்குள்ள டாக்டர் ஒருவரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோனால் அவருக்கு வேலை சுலபம். ஜெனரிக் பெயரில் (பிராண்ட் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில்), 90 நாளுக்குச் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள்.

அப்பாவுக்கு அடோர்வாஸ்டாடின். அமெரிக்காவில் 2011-லேயே ஜெனரிக் வந்துவிட்ட மருந்து. ஆனாலும் பக்கத்திலிருந்த பெரிய கடையில் 90 மாத்திரைக்கு 100 டாலருக்கு மேல் சொன்னார்கள். குட்ஆர்எக்ஸில் மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை, ஜிப் கோடு கொடுத்துப் பார்த்தால் ஒரே ஊருக்குள் கடைக்குக் கடை விலை மாறுகிறது. இன்னொரு கடையில் 20 டாலருக்குள் வாங்கிவிட்டேன். பாட்டிலில் ஒட்டியிருந்த தயாரிப்பாளர் பெயர் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டிஸ். அதைப் படித்த பிறகுதான் அப்பாவுக்கு 'விலை குறைந்த மருந்து' மேல் இருந்த சந்தேகம் போனது.

கூப்பனில் பின் (BIN), பிசிஎன் (PCN), குரூப், மெம்பர் ஐடி என்று நான்கு குறியீடுகள் இருக்கும். கவுன்டரில் அதைக் காட்டி, "இன்ஷூரன்ஸ் வேண்டாம், இதில் போடுங்கள்" என்றால் போதும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது. உங்களுக்கே கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தாலும் காப்பே தொகையை (இன்ஷூரன்ஸில் வாங்கும்போது நாம் கையிலிருந்து தரும் பங்கு) கூப்பன் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில மருந்துக்குக் கூப்பனே மலிவு. ஆனால் அப்படிக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் டிடக்டிபிளில் (இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டி முடிக்க வேண்டிய தொகை) சேராது.

80 சதவீதத் தள்ளுபடி என்று திரையில் வருவதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் சொல்லும் ரொக்க விலையே பெரும்பாலும் ஏற்றி வைத்ததுதான். பிபிஎம் என்ற இடைத்தரகு நிறுவனங்கள் கடைகளோடு பேசி வைத்த விலைதான் கூப்பனில் வருகிறது. ஒவ்வொரு முறையும் கடை அவர்களுக்குக் கட்டணம் தருகிறது, அதில் ஒரு பங்கு குட்ஆர்எக்ஸுக்குப் போகிறது. அதனால் சொந்தமாகச் சின்னக் கடை நடத்துபவரிடம் முதலில் அவருடைய ரொக்க விலையைக் கேளுங்கள். அதுவே குறைவாக இருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம் ஒன்று உண்டு. பயனர்களின் மருத்துவத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக நுகர்வோர் நலனைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குட்ஆர்எக்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது. 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒருவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது விற்கும் சரக்கா? நான் கணக்கே திறப்பதில்லை. விலையைப் பார்த்து, கூப்பனை அச்சடித்துக்கொள்வதோடு சரி.

வேறு வழிகளையும் பாருங்கள். தொழிலதிபர் மார்க் கியூபனின் ஆன்லைன் மருந்துக்கடையான காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் கொள்முதல் விலைக்கு மேல் 15 சதவீதமும், 5 டாலர் கட்டணமும், தபால் செலவும் மட்டும் வைக்கிறது. கணக்கு வெளிப்படையாக இருப்பதால் அது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் தபாலுக்குக் காத்திருக்க நேரம் வேண்டும். வால்மார்ட்டில் சில ஜெனரிக் மருந்துகளுக்கு 4 டாலர் பட்டியல் உண்டு. காஸ்ட்கோ மருந்தகத்தில் சீட்டு மருந்து வாங்க உறுப்பினர் அட்டை தேவையில்லை.

கூப்பன் விலை ஏறி இறங்கும். ரீஃபில் (அதே சீட்டுக்கு அடுத்த தவணை மருந்து) வாங்கும் முன் மறுபடி ஒருமுறை தேடுங்கள். வேறு கடையில் குறைவாக இருந்தால் அந்தக் கடைக்குப் போன் செய்து, பழைய கடையிலிருந்து சீட்டைத் தங்களிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லலாம், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.