வேலூரில் கோர்செட் தைக்கக் கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் வேஷம் போட்டுக் கூடும் சென்னை காமிக் கான் விழாவுக்கு ஸ்டீம்பங்க் வேஷம் போட ஆறு மாதம் காசு சேர்த்தேன். விக்டோரியா ராணி காலத்து (1837–1901) உடுப்பு, அதன்மேல் பித்தளைப் பல்சக்கரம், தோல் வார், வெல்டிங் கண்ணாடி என்று வரும் வேஷம். பாவாடையும் சட்டையும் நானே தைத்துவிட்டேன். இடுப்பை இறுக்கிப் பிடிக்க நாடா கட்டிப் போடும் கோர்செட்டைத் தோலில் தைக்க என் வீட்டு மெஷின் தாங்காது என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டெய்லரிடம் கொடுத்தேன். தோல் ஆம்பூரில் வாங்கியது. உள்ளே வைக்க 20 ஸ்டீல் பட்டை ஆன்லைனில் வரவழைத்தது. கூலி 3,500 ரூபாயை முழுசாக முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல காடா துணியில ஒண்ணு தைச்சுப் போட்டுப் பாத்துடலாம் அண்ணா" என்றேன்.

"எத்தனை வருஷமா தைக்கிறேன், எனக்குத் தெரியாதாம்மா? அளவு ஜாக்கெட்டக் குடுத்துட்டுப் போ."

அங்கேயே நான் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். அளவு ஜாக்கெட் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். கோர்செட்டின் உயிரே இடுப்பில்தான்.

நான்கு முறை அலைந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி கைக்கு வந்தது. வீட்டில் விளக்கடியில் விரித்தேன். இடுப்போரம் தையலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசை ஓட்டை. முதலில் சின்னதாகத் தைத்து, பிரித்து, ஓரமாகத் தள்ளி மறுபடி ஓட்டியிருக்கிறார். துணியென்றால் நாலு சலவையில் மறைந்துவிடும். தோலில் ஊசி போன ஓட்டை மூடவே மூடாது. அதுவும் பொடித் தையல். பின்னால் நாடாவை இழுத்ததும் அந்த ஓட்டை வரிசையிலேயே சர்ரென்று கிழிந்தது. நாடா கோக்கும் ஓட்டையில் பதிக்கும் உலோக வளையங்களான ஐலெட்டுகளுக்கு அடியில் வாஷரே இல்லை, மூன்று கழன்று தரையில் விழுந்தன. லைனிங்கைப் பிரித்தால் என் ஸ்டீல் பட்டை ஆறுதான் இருந்தது. மீதி இடத்தில் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டை!

சனிக்கிழமை கோர்செட் இல்லாமலே காட்பாடியில் ரயில் ஏறினேன். அழுகையை அடக்கிக்கொண்டுதான்.

திங்கட்கிழமை போய்க் கேட்டால், "நீங்க குடுத்ததே அவ்ளோதான் மேடம்" என்கிறார். ரசீதில் 'கோட் 1' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பணமும் வரவில்லை, பட்டையும் வரவில்லை.

தோல் வேலை கொடுப்பவர்கள் தயவுசெய்து பட்டை, ஐலெட், தோலின் அளவு எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தைக் கையில் வையுங்கள். தோலுக்கென்று தனி ஊசி உண்டு, நுனி கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். தோலில் குண்டூசி குத்துகிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கிளிப்தான் போட வேண்டும், குண்டூசி ஓட்டையும் அப்படியே நிற்கும்.

இப்போது ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். "காடாவுல மாதிரி தைச்சு எடுத்துனு வாம்மா, அப்புறம் தோலைத் தொடலாம்" என்றார். இரண்டு மீட்டர் காடா வாங்கி வைத்திருக்கிறேன்.