குதிகால் ரத்தப் பரிசோதனை: வண்ணாரப்பேட்டை ஆய்வகம் ஒன்றில் எங்கள் அனுபவம்

என் பேரன் 34ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டான். பச்சிளம் குழந்தைகளிடம் பிறவி நோய்களைக் கண்டறியும் குதிகால் ரத்தப் பரிசோதனையை எம்.சி. சாலைக்குப் பின்புறம் உள்ள ஓர் ஆய்வகத்திடம் ஒப்படைத்தோம். மூன்றாம் நாள் ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்குக் கை நன்கு பழகியிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் குதிகாலைச் சூடாக்கி, நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்தெறிந்த பிறகே தாளிலிருந்த வட்டங்களை நிறைத்தார்.

குறை அதன் பிறகுதான். எட்டாம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அழைத்த ஊழியர், "17-ஓஎச்பி அதிகம், டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, கார்டிசால் என்னும் ஹார்மோனைத் தயாரிக்கும் வழியில் உருவாகும் இடைப்பொருள்தான் 17-ஓஎச்பி. அது அதிகமானதற்குக் காரணம் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற சுரப்பி நோயாக இருந்தால், ஆண் குழந்தையிடம் வெளியே அடையாளம் தெரியாமலேயே 2ஆவது, 3ஆவது வாரத்தில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், மருமகள் அன்றிரவு கண்மூடவில்லை. அறிக்கையிலோ நிறைமாதக் குழந்தைக்குரிய எல்லை மதிப்பு அச்சாகியிருந்தது. விண்ணப்பத்தில் வாரக் கட்டத்தில் அவள் '34' என்று தெளிவாகவே எழுதியிருந்தாள்.

மறுநாள் அங்குள்ள உயிர்வேதியியல் மருத்துவர் அரை மணி நேரம் ஒதுக்கி, அறிக்கையின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார். நீண்ட காலம் உயிரியல் நடத்திய எனக்கும் அது புதிது. கருவில் அட்ரீனல் சுரப்பியின் பெரும்பகுதி தற்காலிகமான கருப்பருவ மண்டலமே. பிறந்த சில மாதங்களில் அது சுருங்கி மறைந்துவிடுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் என்னும் ஹார்மோன், அட்ரீனல் செல்களின் மேலுள்ள எம்சி2ஆர் என்னும் ஏற்பியில் பொருந்தியே சுரப்பியை வளர்க்கிறது, சுரக்கவும் வைக்கிறது. 17-ஓஎச்பியை அடுத்த கட்டத்துக்கு மாற்றும் 21-ஹைட்ராக்சிலேஸ் நொதி குறைந்த குழந்தையிடம் போதிய கார்டிசால் உருவாகாததால், 'போதும்' என்ற செய்தி பிட்யூட்டரிக்குப் போவதில்லை. ஏசிடிஎச் அந்த ஏற்பியை ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்க, சுரப்பி பருத்து 17-ஓஎச்பி தேங்குகிறது. குறைமாதக் குழந்தையிடமோ கருப்பருவ மண்டலம் இன்னும் மும்முரமாக இயங்குவதால், அதன் வேறு ஸ்டீராய்டுகள் சிலவற்றையும் எதிர்ப்பொருள் முறைச் சோதனை 17-ஓஎச்பி என்றே கணக்கிட்டுவிடுகிறது. அதனால்தான் நிறைமாதக் குழந்தைக்குரிய எல்லை மதிப்பு அவனுக்குப் பொருந்தாது.

அன்றே சோடியமும் பொட்டாசியமும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. ஸ்டீராய்டுகளைப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் மறுசோதனை செய்ததில், நான்கு நாளில் 17-ஓஎச்பியும் இயல்பான அளவே என்று தெரிந்தது. அந்த மருத்துவருக்காகவே இந்த ஆய்வகத்தைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இரவில் அழைப்பவர் ஊழியராக இல்லாமல் அவராக இருந்திருக்க வேண்டும். மறுசோதனைக்குத் தனிக்கட்டணம் வாங்கியதும் எனக்கு ஒப்பவில்லை. எல்லை மதிப்பைத் தவறாகப் போட்டது அவர்கள்தானே. ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. மாலையில் புடவைக் கடைக் கூட்டத்தில் ஆட்டோ உள்ளே வராது என்பதால், பிள்ளை பெற்றவளை அழைத்துச் செல்வோர் காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது.