பினிசி மாதிரிக் கப்பல்: பாய் சரி, சுக்கான் தவறு

இந்தோனேசியாவின் பினிசி பாய்க்கப்பலைத் தேக்கில் செதுக்கிய மாதிரிகள் நாகர்கோவிலில் ஒரு கைவினைப் பொருள் கடையில் விற்பனைக்கு உள்ளன. இரண்டடி நீளமுள்ள ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கி, குளச்சலில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்திருக்கிறேன். அழகுப் பொருள் என்ற அளவில் பெரிய குறையில்லை; ஆனால் பெட்டியின் மேல் "அசல் வடிவமைப்பு" என்று அச்சிட்டிருப்பதால், அந்த அளவுகோலை வைத்தே இதை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

பாய் அமைப்பில் செய்தவரின் கை தேர்ந்தது. கப்பலின் முன்முனையான அணியத்திலிருந்து முன்னோக்கி நீளும் கட்டையில் மூன்று முக்கோணப் பாய்கள், பாய்மரத்துக்கு ஒன்றாக இரண்டு பெரும்பாய்கள், அவற்றின் தலைக்கு மேல் இரண்டு சிறுபாய்கள் என ஏழும் அதனதன் இடத்தில் இருக்கின்றன; முன்மரம் உயர்ந்தும் பின்மரம் தாழ்ந்தும் நிற்கின்றன. இதைவிட நுட்பமானது, பாயைத் தாங்கும் கட்டையான பருமல். பாயை இறக்கும்போது பருமலும் சேர்ந்து இறங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, பினிசியில் அது மரத்தின் பாதி உயரத்தில் நிலையாகவே நிற்பதும், பாயை மட்டும் சன்னல் திரையைப் போல மரத்தை நோக்கி இழுத்து ஒதுக்குவதும் புதுமையாகத் தோன்றும். மாதிரியில் பருமலின் அடியில் சிறு பித்தளை வளையங்களைக் கோத்துப் பாயைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூலை இழுத்தால் பாய் உண்மையாகவே ஒதுங்குகிறது. கொடுத்த பணத்தில் பாதி இதற்கே தகும்.

உடற்பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில் புலுகும்பா வட்டாரத்தின் தானா பெரு, பீரா ஆகிய ஊர்களில் ஓடாவிகள் எனும் கப்பல் தச்சர்கள் அடிக்கட்டையான ஏராவை நிறுத்தி, பலகைகளை மர ஆணிகளால் ஒன்றோடொன்று இணைத்துப் பக்கங்களை எழுப்பிய பிறகே உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களான வங்குகளைப் பொருத்துகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது இந்தக் கட்டும் கலையைத்தான். இங்கோ ஒரே கட்டையைக் குடைந்து, பலகை இணைப்புகளைக் கத்தியால் கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த விலைக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம், பெட்டியில் அதைச் சொல்லியிருந்தால்.

ஏற்க முடியாதது சுக்கான். முன்னும் பின்னும் கூம்பிய, பின்புறம் மேல்தளம் நீரின் மேல் நீண்டு நிற்கும் பலாரி வகை உடலைச் செதுக்கியிருக்கிறார்கள். பாயை மட்டுமே நம்பி ஓடிய காலத்துப் பலாரிக்குப் பின்பக்கத்தில் இருபுறமும் ஒவ்வொரு சுக்கான் உண்டு. நடுவில் ஒற்றைச் சுக்கான் இருப்பது தட்டையான பின்புறம் கொண்ட லம்பா வகைக்கு உரியது. இந்த மாதிரியில் பலாரியின் உடலும் லம்பாவின் சுக்கானும் ஒட்டியிருக்கின்றன. கடையில் கேட்டபோது, "எல்லாக் கப்பலுக்கும் ஒரு சுக்கான்தானே சார்" என்றார்கள். துறைமுக ஊர்க்காரனிடம் சொல்லத் தகுந்த பதில்தான்.

வாங்க நினைப்பவர்கள் கண்ணாடிப் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள். அதற்குத் தனியாக 900 ரூபாய். முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் அந்தப் பித்தளை வளையங்கள் விரைவில் பச்சை பிடிக்கின்றன. எனக்கு இப்போதே பின்மரத்துப் பாய் பாதியில் சிக்கிக்கொள்கிறது.