பெரியவர்களுக்கான ஏடிஹெச்டி கிளினிக்: பரிசோதனை முதல் மாத்திரை வரை

பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு போன்றவை சேர்ந்த குறைபாடு) பார்க்கும் ஒரு கிளினிக்கில் பரிசோதனை முடித்து, இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 5-க்கு 4 ஸ்டார் தருவேன்.

ரொம்பப் பிடித்தது அவர்களுடைய நிதானம். ஏடிஹெச்டியை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதனால் மருத்துவர் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்பதுதான் எல்லாமே. இதற்கு முன் போன ஓர் இடத்தில் 6 கேள்விகள் உள்ள தாளை நிரப்பச் சொல்லி, அதை வைத்தே முடிவு சொல்லிவிட்டார்கள். அந்தத் தாள் மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். இங்கே அப்படி இல்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்க்கப் பழைய ரிப்போர்ட் கார்டு கேட்டார்கள், அம்மாவிடம் தனியாகப் பேசினார்கள், வீட்டிலும் வேலையிலும் எங்கே தடுமாறுகிறேன் என்று உதாரணத்தோடு சொல்லச் சொன்னார்கள். தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் இவையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் அதையெல்லாம் அலசிவிட்டுத்தான் ஏடிஹெச்டி என்றார்கள்.

மருந்து, மெத்தில்ஃபெனிடேட், நீண்ட நேரம் வேலை செய்யும் வகை. எழுதுவதற்கு முன் பிபி, நாடித்துடிப்பு பார்த்து, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்றும் கேட்டார்கள். 18 மில்லிகிராமில் தொடங்கி, எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகே 36-க்கு ஏற்றினார்கள். மேல்பூச்சு உடனே கரையும், மீதி மருந்து உள்ளிருந்து மெல்ல வெளியேறும், அதனால் மாத்திரையைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது என்று தெளிவாகச் சொன்னதும் நல்ல விஷயம்.

பலன்? செய்ய வேண்டும் என்று தெரிந்தும் கை வராத வேலையை இப்போது எழுந்து தொடங்க முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் எதை முதலில் செய்வது என்று மாத்திரை சொல்லித் தராது, அதை நாம்தான் பழக வேண்டும். மதியம் பசியே இருப்பதில்லை, சாயங்காலம் மருந்தின் வீரியம் குறையும்போது கொஞ்சம் எரிச்சல் வருகிறது. தாமதமாகப் போட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஒரு ஸ்டார் குறைத்தது அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்காக. கட்டுப்பாடுள்ள மருந்து, புதுச் சீட்டு இல்லாமல் கிடைக்காது, அப்படியிருக்க மாத்திரை தீர்வதற்குள் தேதி வாங்கிக்கொள்ளும் பொறுப்பை முழுக்க நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். நினைவு வைத்துப் போன் செய்வதே கஷ்டமாக இருக்கும் ஆட்களிடம் இது நியாயமே இல்லை. கிளம்பும்போதே அடுத்த தேதியைக் கொடுத்து, ஒரு மெசேஜும் அனுப்பினால் போதும்.

போகிறவர்கள் பழைய பள்ளி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியல் இரண்டையும் எடுத்துப் போங்கள், முதல் நாளே கேட்பார்கள்.