கேமரன் மலைக்கு வேன் பேசுகிறவர்கள் கவனத்திற்கு: எங்கள் 4,640 வெள்ளி (ரிங்கிட்) போன கதை

போன மாதம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் தோட்டத்துப் பாடல்கள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. சுங்கை சிப்புட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பினோம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கட்டுரை படிக்க வேண்டும். அதில் வரும் தாலாட்டுகளை எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் மேடையில் பாடிக்காட்டுவதாக ஏற்பாடு. வயது 74, பால்மரம் (ரப்பர்) சீவியே பிள்ளைகளை ஆளாக்கியவர். இதுவரை மேடை ஏறியதில்லை. பாடுவதற்கென்றே புதுச் சேலை வாங்கி வைத்திருந்தார்.

பயணத்துக்குப் பேசிய ஆள் நம்ம ஊர்க்காரர்தான். திருவிழா அன்னதானத்தில் கரண்டி பிடித்து நிற்பவர். அதனால்தான் நம்பினேன். “டீச்சர், நீங்க காசு கட்டிடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன். தானா ராத்தாவுலயே ரூம், மண்டபத்துக்கு நடந்தே போயிடலாம்” என்றார். வேன், இரண்டு இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 380 வெள்ளி. அதற்குமேல் ‘சுற்றுலா வரி’ என்று நாலு அறைக்கும் இரண்டு இரவுக்கும் 80 வெள்ளி. மொத்தம் 4,640 வெள்ளியை அவருடைய சொந்தக் கணக்குக்கே அனுப்பினேன். பலர் வீட்டில் அது மாசக் கடைசிக் காசு.

அந்த வரி விஷயத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்பது உண்மைதான், ஆனால் அது வெளிநாட்டுப் பயணிகளுக்கு. மலேசியர்கள் கட்ட வேண்டியதே இல்லை. அடையாள அட்டை வைத்திருக்கும் பன்னிரண்டு பேரிடம் அதையும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறினோம். கம்போங் ராஜா வந்ததும் வேன் நின்றது. “இன்னைக்கு ராத்திரி மட்டும் இங்க, நாளைக்கு மாத்திடலாம்” என்றார் அந்த ஆள். நான்காவது மாடியில் ஓர் அடுக்குமாடி வீடு, மின்தூக்கி இல்லை. நாலு அறை என்றது இரண்டு அறை ஆனது. சுடுதண்ணீர் வரவில்லை. மலைக் குளிரில் அந்த அம்மா பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, போர்வை பத்தாமல் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கேமரன் மலை தெரிந்தவர்களுக்கு மற்றதைச் சொல்லவே வேண்டாம். கம்போங் ராஜாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் போக கோலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம், பிரிஞ்சாங் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். சனிக்கிழமையில் கியா ஃபார்ம் காய்கறிச் சந்தை முன்னால் வண்டி நகராது. ஏழு மணிக்கு வரச் சொன்ன வேன் எட்டே காலுக்கு வந்தது. மண்டபத்தில் கால் வைத்தபோது மணி பத்தரை. எங்கள் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள். புதுச் சேலையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை நான் எப்படிச் சமாதானப்படுத்துவது?

அன்று மத்தியானமே அந்த ஆள் போனை அடைத்துவிட்டார். இரண்டாவது இரவுக்கு எங்கள் கைக்காசில் தானா ராத்தாவில் அறை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு பஸ்.

வந்தபிறகுதான் விசாரித்தேன். அவர் எங்களிடம் காட்டியது எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவுச் சான்றிதழ். வியாபாரத்தைப் பதிந்ததற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. சுற்றுலா ஏற்பாடு செய்து பணம் வாங்க, 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் தனியாக வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இவர் பெயர் அதில் இல்லை. போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் அதன்மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். அதையும் நான் செய்யவில்லை. முகநூலில் வீட்டுப் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். காசு கைமாறுவதற்கு முன் நிறுத்த முடிந்தால் அப்போதுதான் முடியும்.

இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். “ஊருக்குள்ள எதுக்கு டீச்சர் வம்பு” என்று இரண்டு பேர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அந்த அம்மாதான், “போடும்மா, நான் வந்து சாட்சி சொல்றேன்” என்றார்.

விசாரணை நடக்கவிருப்பதால் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி நம் ஊரில் கேமரன் மலைக்கென்று காசு கட்டியவர்கள் இருந்தால் ரசீது, புலனத்தில் (வாட்ஸ்அப்) பேசிய பேச்சு, வங்கியில் அனுப்பிய சீட்டு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மனு பாரத்தை நிரப்பத் தெரியாதவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.